குதிரைக்கு 100, துவிச்சக்கர வண்டிக்கு 200!

யாத்திரை என்றால் நடைதான். துவிச்சக்கர வண்டியில் வருபவன் வெறும் உல்லாசப் பயணி. ஐரோப்பாவின் யாத்திரைப் பாதைகளில் இப்படியொரு கருத்து வேரூன்றி விட்டது. நம் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் சந்தியோகுமையோர் எனப்படும் புனித யாகப்பரின் கல்லறை ஸ்பெயினின் சந்தியாகோ நகரில் உள்ளதாக நம்பப்படுகிறது. அங்குள்ள யாத்திரிகர் அலுவலகத்தின் சான்றிதழ் விதியைப் பாருங்கள். நடப்பவர் குறைந்தது 100 கிலோமீற்றர் வர வேண்டும். குதிரையில் வருபவருக்கும் அதே 100. துவிச்சக்கர வண்டிக்காரருக்கோ 200! குதிரை நடக்க, மேலே அமர்ந்திருப்பவர் நடந்தவராகி விடுகிறார். தன் காலால் மிதிப்பவர் மட்டும் இருமடங்கு கணக்குக் காட்ட வேண்டுமாம்.

சுவிற்சர்லாந்தில் ரப்பர்ஸ்வில்லிலிருந்து ஐன்சீடெல்ன் வழியாகச் செல்லும் பகுதியை நான் வண்டியில் கடந்திருக்கிறேன். சூரிச் ஏரியின் குறுக்கே 841 மீற்றர் நீள மரப்பாலமொன்று உண்டு. 2001 இல் திறக்கப்பட்ட அது நடப்பவர்களுக்கானது. நான் அருகிலிருந்த அணைச்சாலையால் சென்றேன். அதில் குறையில்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 406 மீற்றரில் இருக்கும் அந்த ஏரியை விட்டு, 950 மீற்றரிலுள்ள எற்செல் கணவாய்க்கு மிதித்தேறியவனிடம் 'இது சொகுசுப் பயணம்' என்று சொல்லிப் பார்க்கட்டும்!

வழியில் ஒரு விடுதியில் (பெயர் வேண்டாம்) நடையாளர் அனைவரும் வந்த பின்னரே எனக்குக் கட்டில் என்றார்கள். முற்றத்தில் காத்திருந்தேன். அந்த நடையாளரின் பயணப்பொதிகள் ஒரு வாகனத்தில் வந்திறங்கின.

மத்திய காலத்தில் வசதியுள்ளவர்கள் குதிரையேறியே போனார்கள். நீரிருந்த இடத்தில் படகேறினார்கள். ஏழைகள் நடந்தது வேறு வழியில்லாததால். அந்த இல்லாமையைத்தான் இன்று வசதியுள்ளவர்கள் புண்ணியத்தின் அளவுகோலாக்கியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் நடப்பதற்கு வாரக்கணக்கில் விடுமுறை வேண்டுமே!

934 இல் நிறுவப்பட்ட ஐன்சீடெல்ன் மடாலயத்தின் கறுப்பு மாதாவைத் தேடி நம்மவர்களும் வருகிறார்கள், சைவர்கள் உட்பட. உணவகச் சமையலறைகளில் வேலை செய்பவர்கள் கிடைத்த ஒரு நாள் ஓய்வில் தொடருந்தில் வந்து, மெழுகுதிரி ஏற்றி, மாலையே திரும்புகிறார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள இந்த அளவுகோலில் இடமேயில்லை. அருகிலுள்ள சீல் ஏரியின் எழிலை வியக்கும் நடையாளர் பலர், அது 1937 இல் விவசாயக் குடும்பங்களை எழுப்பிவிட்டுத் தேக்கப்பட்ட நீர் என்பதையோ, அதன் மின்சாரத்திலும் சுவிஸ் தொடருந்துகள் ஓடுகின்றன என்பதையோ எண்ணுவதில்லை.

ஐன்சீடெல்னுக்கு அப்பால் 1,414 மீற்றரிலுள்ள ஹாகனெக் ஏற்றத்தில் நான் இறங்கி வண்டியைத் தள்ளினேன். அந்த நடையைச் சந்தியாகோ அலுவலகம் எந்தக் கணக்கில் எழுதும்?