சக்கரம் பாரம் தாங்கட்டும், பிறகு முறுக்கலாம்

அலோர் ஸ்டார் பக்கம் வீட்டு வாசலிலேயே கார் வேலை பார்க்கும் இளைஞர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். சாமானை இணையத்தில் வாங்கி, விடுமுறை நாளில் தாங்களே மாற்றிவிடுகிறார்கள். பட்டறைக் கூலி மிச்சம். நல்ல பழக்கம்தான். ஆனால், லோவர் ஆர்ம் மாற்றிய சிலர் கொஞ்ச நாளிலேயே கேட்கிறார்கள்: "அண்ணே, புதுச் சாமான் போட்டும் மறுபடி டொக் டொக்னு சத்தம் வருதே, போலிச் சாமானா?"

போலியாகவும் இருக்கலாம். நான் முதலில் கேட்பது வேறு: "தம்பி, போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது சக்கரம் எங்கே இருந்தது?" அந்தரத்தில் தொங்கியது என்பதே பெரும்பாலும் பதில். கோளாறு அங்கேதான்.

லோவர் ஆர்ம் காரின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே இன்னொன்று, இரண்டோடும் ஒட்டியபடி நடுவில் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும். அதன்பின் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் திருகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், காரைக் கீழே இறக்கிய நொடியில் ரப்பர் முறுக்கேறிவிடும். கார் சும்மா நிற்கும்போதும் அது திருகியபடியே கிடக்கும். தோட்டத்துச் செம்மண் சாலைக் குழிகளும் சேர்ந்தால் சீக்கிரமே கிழியும். பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் தெரியும்: இழுத்து விட்டால் மீளும், ஓயாமல் திருகியே வைத்தால் வெடிக்கும்.

வழி எளிது. காரைத் தூக்கும் முன், சமதரையில், சக்கரத்தின் நடுவிலிருந்து மேலுள்ள தகர விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது ஆர்மை மாட்டும்போது புஷ் போல்ட்டுகளை லேசாக மட்டும் பிடிக்க விடுங்கள். கார் ஸ்டாண்டுகளில் உறுதியாக நிற்கட்டும். ஆர்மின் வெளிநுனிக்கு அடியில் ஜேக்கை வைத்து, குறித்த அளவு வரும்வரை மெல்ல உயர்த்துங்கள். பிறகே இறுதி முறுக்கு. கார் ஸ்டாண்டைவிட்டு எழும்பப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். அந்த வேலையைப் பட்டறையில் முடிப்பதே நல்லது. ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது.

எவ்வளவு முறுக்குவது? அதைக் கைப்பலம் சொல்லாது, டார்க் ரெஞ்ச் சொல்லும். 100 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ பாரம். குறைந்தால் போல்ட் தளரும். மிஞ்சினால் நீண்டு மரை போகும். நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடுகிறது. அதனால் மரையில் துருவோ எண்ணெயோ இருந்தால் கணக்கு மாறிவிடும். மைவிக்கும் சாகாவுக்கும் ஒரே எண் பொருந்தாது. உங்கள் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் புதியது போடுங்கள். வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் பார்ப்பதும் அவசியம்.

தீபாவளிக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது, பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய பாரத்தையும் அந்தப் போல்ட்டுகள்தான் தாங்குகின்றன. கூலியை மிச்சப்படுத்துங்கள், அந்தக் கடைசி முறுக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள்.