'வாஸ்' போட்டால் மார்க், யோசித்தால் தப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் பேத்தி ஆங்கிலத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ரவி செட், "ஐ ஆம் கோயிங் டு த பீச் டுடே". இதை ரிப்போர்ட்டட் ஸ்பீச்சாக மாற்ற வேண்டும். இவள், "ரவி செட் தட் ஹி இஸ் கோயிங் டு த பீச் டுடே" என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. 'வாஸ்', 'தட் டே' என்று திருத்தம்.

"ஆயா, ரவி இப்பத்தான சொன்னான்? இன்னும் கெளம்பவே இல்லியே. அப்புறம் ஏன் 'வாஸ்'?" என்றாள்.

நான் என்ன பதில் சொல்வது? பிள்ளை கேட்டது சரி. ரவி எப்போது சொன்னான் என்று கேள்வித்தாளில் இல்லை. இன்றைக்கே சொல்லி, இன்றைக்கே நாம் எடுத்துச் சொன்னால் 'இஸ்', 'டுடே' இரண்டும் நல்ல ஆங்கிலம்தான். ஒரு வாரம் கழித்துச் சொன்னால்தான் 'தட் டே' கட்டாயம்.

கைடுகளில் ஒரு விதிவிலக்கு இருக்கும்: 'பூமி சூரியனைச் சுற்றுகிறது' போன்ற வாக்கியத்தில் காலம் மாற வேண்டாம் என்று. ஏன்? அது இன்னும் உண்மையாக இருப்பதால். அந்தக் காரணம் சூரியனுக்குப் பொருந்தும், ரவிக்குப் பொருந்தாதா?

இதெல்லாம் ஒரு மார்க் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் வீராம்பட்டினத்தில் 'நாளை கடலுக்குப் போக வேண்டாம்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் நான்கு குரூப் சுற்றி மறுநாள் வந்து சேர்ந்தால், அது எந்த 'நாளை'? யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்க்காமல் அனுப்புகிறவன் படித்தவன்தான். பள்ளியில் 'டுமாரோ' வந்தால் 'த நெக்ஸ்ட் டே' என்று பட்டியலை ஒப்பித்தவன்தான். ஏன் மாற்றுகிறோம் என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தக் கலைக்கு நம் ஊரே பேர்போனது. ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர். ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வதுதான் துபாஷியின் பிழைப்பு. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கவர்னர் கேட்டது, தான் சொன்ன பதில், ஊரில் பேசிக்கொண்டது என்று எல்லாம் தேதி போட்டு இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் அது சரித்திரச் சான்று.

தமிழிலும் இதற்கெல்லாம் வழி உண்டு. 'நான் வருகிறேன் என்றான்' என்பது நேர்கூற்று. 'தான் வருவதாகச் சொன்னான்' என்பது அயற்கூற்று. 'வருவானாம்' என்றால் கேள்விப்பட்ட சேதி. இடம் மாறியது, காலம் மாறவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் நம் பிள்ளை "ஹி செட் தட் ஐ வில் கம்" என்று எழுதுகிறது. அது மக்குத்தனம் இல்லை, தமிழின் 'என்று' உள்ளே வேலை செய்கிறது. தமிழில் தொடங்கி, ஆங்கிலம் எங்கே வேறுபடுகிறது என்று காட்டினால் பத்து நிமிடத்தில் புரியும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? குறைவுதான். நானும் இருபது வருஷம் அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்கவைத்தேன். தப்பினவர்கள் கையில் பிரம்பும் விழுந்தது. வாங்கினவர்கள் இதைப் படிப்பீர்கள். மன்னியுங்கள்.

இப்போதைய ஆசிரியர்களின் கஷ்டமும் தெரியும். பெரிய வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், விடைக்குறிப்பைத் தாண்டி மார்க் போட முடியாத நிலை. ஆனால் கேள்வி எழுதுகிறவர்கள் 'ரவி போன வாரம் சொன்னான்' என்று ஒரு வரி சேர்க்கலாமே! அதற்கு என்ன செலவு? அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு விடைக்கும் மார்க் கொடுங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளைக்குப் பட்டியலைக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் சொன்னது? எப்போது, எங்கே சொன்னது? இப்போது யார், எங்கிருந்து எடுத்துச் சொல்வது? 'ஐ' ஏன் 'ஹி' ஆகிறது, 'ஹியர்' ஏன் 'தேர்' ஆகிறது என்பதை அதுவே கண்டுபிடிக்கும்.

பேத்தியிடம், "நீ எழுதினது தப்பில்ல, ஆனா பரீட்சையில 'வாஸ்' போட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் பேத்திக்கு இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

'டீச்சர் இப்படிச் சொன்னாங்க' என்று யாரிடமாவது சொல்வதானால், எப்போது, எதற்காகச் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.