ரிக்டரை விட்டுவிடலாமே

எங்கே நிலநடுக்கம் வந்தாலும் செய்தியில் 'ரிக்டர் அளவுகோலில் இத்தனையாகப் பதிவானது' என்றுதான் வாசிக்கிறார்கள். ஏதோ ஸ்கேலை வைத்து அளந்து பார்த்த மாதிரி! கேட்கும்போதெல்லாம் எனக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. சென்னையில் எங்கள் வீட்டுக் கட்டில் லேசாக ஆடியது. "பூகம்பமாங்க?" என்று கேட்டாள் மனைவி. "லாரி ஏதாவது போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபிக்கு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் உள்ளே வந்தது.

சுமத்ரா பூகம்பத்துக்கு ஹவாயில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் போட்ட கணக்கு 8.0. சுமார் ஒரு மணி நேரத்தில் அது 8.5 ஆனது. 9-ஐ ஒட்டிய கணக்கு வருவதற்குள் நம் கரையில் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் சொல்வது 9.1.

8-க்கும் 9.1-க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று தோன்றும். இது காய்கறி நிறுக்கிற கணக்கு இல்லை. ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. அந்த 1.1-க்குள் நாற்பது மடங்குக்கு மேல் ஒளிந்திருந்தது. கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடி முடியவே பல நிமிடங்கள் ஆயின. முதலில் வந்துசேரும் அலைகளை மட்டும் வைத்து முழுசையும் எப்படிச் சொல்ல முடியும்?

சார்லஸ் ரிக்டர் 1935-இல் தன் அளவுகோலை உருவாக்கியது கலிபோர்னியாவின் பக்கத்து நடுக்கங்களுக்காக. 7-ஐ நெருங்கும்போதே அது திணற ஆரம்பித்துவிடும். அதனால்தான் 1979-இல் ஹாங்க்ஸ், கனமோரி என்ற இருவர் வேறு கணக்கு கொண்டுவந்தார்கள். எவ்வளவு பரப்பு பிளந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது, பாறை எவ்வளவு உறுதியானது என்று பார்ப்பது அது. பெரிய பூகம்பங்களுக்கு இன்று சொல்லும் எண் இதுதான். பெயர் மட்டும் ரிக்டருடையது.

'முதற்கட்டக் கணக்குப்படி 7.2, மாறலாம்' என்று வாசித்தால் என்ன குறைந்துவிடும்? கூடவே எந்த ஊர் எவ்வளவு குலுங்கியது என்றும் சொல்லலாம். அதற்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மெர்கல்லி என்று தனி அளவே இருக்கிறது. எங்கள் கட்டில் ஆட்டம் அதில் கீழ்ப்படிதான். பூகம்பம் ராட்சசன். இரண்டும் வேறு வேறு என்று அன்று எனக்குத் தெரியாது.

2012 ஏப்ரல் 11 மதியம் மறுபடி ஆடியது. இந்தத் தடவை லாரி என்று சொல்லவில்லை, இருவரும் தெருவுக்கு ஓடிவந்துவிட்டோம். முதலில் 8.9 என்றார்கள், பிறகு 8.7, கடைசியில் 8.6. நான் பார்த்த டிவியில் மூன்று எண்ணையும் 'ரிக்டர் அளவுகோலில் பதிவானது' என்றேதான் வாசித்தார்கள்.