சிரிப்பு யார்மேல் பாய வேண்டும்?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்ததும் விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் கூடினோம். 'பாப்ஸ் பர்கர்ஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைச் சித்திரத் தொடரில் ஒரு பகுதியை மடிக்கணினியில் பார்த்தோம். அதன் பெயர் 'தி டீப்பனிங்'. 2012 நவம்பரில் ஒளிபரப்பானது. வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் என் உள்ளத்தில் மட்டும் ஏதோ ஒன்று முள்ளாய் உறுத்தியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை எளியது. கடலோர ஊர் ஒன்றில் சிறிய உணவுக்கடை நடத்தும் குடும்பம். முன்னொரு காலத்தில் அவ்வூரில் ஒரு சுறாப் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் 'நடித்த' எந்திரச் சுறாவை ஊர்ச் செல்வர் ஒருவர் வாங்கித் தம் கேளிக்கைப் பூங்காவுக்குக் கொண்டுவருகிறார். அந்தப் படப்பிடிப்பில் பங்குகொண்ட டெடி என்பவருக்கோ அந்த எந்திரத்தின்மேல் தீராத வன்மம். பிறகென்ன? எந்திரம் கட்டுக்கடங்காமல் போகிறது, ஊர் அலறுகிறது.

1975-இல் வெளிவந்து உலகையே நடுங்க வைத்த 'ஜாஸ்' படத்தின்மேல் எழுந்த நையாண்டி இது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அடுத்தவன் கட்டிய வீட்டில் குடியேறிக்கொண்டு, அவன் சுவரிலேயே கரி பூசுவதுதானே நையாண்டி? இது ஒரு கலையா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். நல்ல கேள்வி. ஆனால், 'ஜாஸ்' பிறந்த கதையை அறிந்தவர் இப்படிக் கேட்கமாட்டார்.

1974-இல் மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் அந்தப் படத்தை எடுக்கச் சென்றபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு வயது 27. எந்திரச் சுறாக்களைச் செய்து கொண்டுபோனார்கள். உப்புநீர் பட்டதும் அவை பழுதாயின. ஒன்று கடலடியில் மூழ்கியும் போயிற்று. 55 நாளில் முடிக்க எண்ணிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறாவைக் காட்ட முடியவில்லை. ஆகவே காட்டாமலே அச்சுறுத்தினார்கள். நீரின் மேல் மிதந்துவரும் மஞ்சள் நிறப் பீப்பாய், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள், ஒரு துடுப்பு; இவையே போதுமாயின. முழு உருவம் கண்ணில் படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உலகம் அஞ்சியது ஒரு விலங்குக்கு அன்று; பழுதான ஓர் எந்திரத்தின் நிழலுக்கு!

இந்த உண்மையை அறிந்தவர்கள்தாம் அந்தச் சித்திரப் படத்தை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சுறாவைப் பழிக்கவில்லை. ஊர் மக்களையும் இழிவு செய்யவில்லை. அச்சத்தின் திரையை விலக்கி, "பாருங்கள், உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்" என்று காட்டினார்கள். மூலத்தை நேசித்தவன்தான் அதை இவ்வளவு நுட்பமாக நையாண்டி செய்ய முடியும்.

அந்த அச்சம் வெறும் விளையாட்டாகவும் இருக்கவில்லை, நண்பர்களே. மனிதன் சீண்டாமல் சுறா தாக்கி உயிரிழப்போர் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் ஆறு பேர். மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்கு 10 கோடி அளவில் இருக்கும் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வாணிக வலைகளே இதற்குப் பெருங்காரணம், திரைப்படம் அன்று. ஆனால், அரக்கன் என்று பெயர் வாங்கிய உயிர் செத்தால் யார் அழுவார்? மூலக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, அதை மீண்டும் அப்படி எழுத இயலாது என்று பின்னாளில் கூறி, சுறாக்களைக் காக்கப் பாடுபட்டார். ஸ்பீல்பெர்க்கும் 2022-இல் தம் வருத்தத்தை வெளியிட்டார்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களுள் ஒன்றாக விலங்கைச் சொன்னார். நகை பிறக்கும் இடங்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். அச்சத்தை எள்ளலால் வெல்லலாம் என்பது எனக்கு அன்றிரவு விளங்கியது. அப்படியானால், நெஞ்சில் முள் எதற்கு?

சொல்கிறேன். எங்களோடு இருந்து படம் பார்த்தவர்களுள் ஒருவன் முதலாண்டு முடித்த தம்பி, கடற்கரை ஊரான், மீனவர் வீட்டுப் பிள்ளை. எல்லாரையும்விட அவன்தான் உரக்கச் சிரித்தான். பிறகு சொன்னான்: "நீங்கதான் அண்ணே சுறாவுக்குப் பயப்படுறீங்க. எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா ஆக்கிக் குடுப்பாங்க. எங்க அப்பாவுக்குக் காத்துமேலதான் பயம்."

அந்தத் தம்பி பல திங்களாக நம் சங்கத்தின் பக்கமே வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு விழா நாடகத்தில் ஒரு மீன்காரர் பாத்திரம் வந்தது நினைவிருக்கும். அவர் வாய் திறந்தபோதெல்லாம் அரங்கம் அதிர்ந்தது. கருத்துக்காக அன்று, அந்தப் பேச்சு வழக்குக்காக. மூன்றாம் வரிசையில் இந்தத் தம்பி தலை குனிந்து அமர்ந்திருந்தான். அந்த நாடகத்தை எழுதியவன் நான்.

அதுவும் சிரிப்புத்தான், இதுவும் சிரிப்புத்தான். ஆனால், இரண்டும் ஒன்றா? ஒன்று, எல்லாரையும் அச்சுறுத்திய பெரிய ஒன்றைப் பிடித்து உலுக்கியது. மற்றொன்று, ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து, வேற்று மொழிகளுக்கிடையே தன் மொழி கேட்கும் ஒரே இடம் என்று நம்பி வந்தவனை அடித்தது. திருப்பி அடிக்க முடியாதவனை அடிப்பதற்கு நையாண்டி என்று பெயரில்லை.

"எல்லாம் வேடிக்கைதானே? இப்படிப் பார்த்தால் எதையுமே கேலி செய்ய முடியாதே!" என்பர் சிலர். செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். 'ஜாஸ்' படத்திலேயே ஒரு நகரத் தலைவர் வருகிறார். கடலில் சாவு காத்திருக்கிறது என்று தெரிந்தும், சூலை 4 விடுமுறை வணிகம் கெடக்கூடாதென்று கடற்கரையைத் திறந்து வைக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமா? நம் வளாகத்தில்தான் பஞ்சமா? அவர்களைப் பிடியுங்கள்! நம்முடைய வீண் அச்சங்களைப் பிடியுங்கள்! நம்மையே பிடியுங்கள்!

இவ்வாண்டு விழாவுக்கும் நாடகம் எழுத என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். அந்தத் தம்பியும் உடனிருந்து எழுத வேண்டும். கேட்டபோது அவன் உடனே விடை சொல்லவில்லை. "யார அண்ணே கேலி பண்ணப் போறோம்?" என்றான்.

"முதலில் என்னை" என்றேன். சிரித்தான். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.