பாரம் தாங்காத வளைகள்

அமெரிக்காவில் வீடு திருத்துகிற காணொளிகளை யூரியூபில் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி நல்ல பழக்கம். வெள்ளைச் சீலிங். அதன் கீழே தடித்த, கறுத்த, வாச்சி பட்ட தழும்போடு வளைகள். பழைய பண்ணைவீட்டு அழகாம். கிட்டப்போய்த் தட்டிப் பார்த்தால் பலதுக்குள்ள ஒண்டுமில்லை. மூன்று பலகையை ஒட்டிய பெட்டி, அல்லது மரம்மாதிரி வார்த்த பொலியூரித்தேன் நுரை. வீட்டின் உண்மையான கூரை அதுக்கு மேலே, ஒருவர் கண்ணிலும் படாமல், மெல்லிய சட்டங்களில் நிற்கிறது.

போலி வளையோடு நிண்டிருந்தால் நாங்கள் இதை எழுதவே மாட்டம். காசு கூடியவர்களுக்கு நுரை காணாது, உண்மையான பழைய மரம் வேணும். அதுக்காகப் பண்ணைக் களஞ்சியங்களின் கூரைகள் பிரிக்கப்பட்டு, மரம் அறுக்கப்பட்டு, கபேச் சுவரில் அலங்காரப் பலகையாக ஏறுகிறது. இதுக்குப் பெயர் மரபைக் காப்பாற்றுவதாம். எங்களுக்கு இது மரபைக் கொன்று தோலை மாட்டிவைக்கிற வேலையாகத்தான் தெரியுது.

ஏன் என்று விளங்க, அந்தக் கூரை எப்படி நிற்கிறது என்று பார்க்கவேணும். இரண்டு கைமரங்களை முகட்டில் சாய்த்தால் அவை காலை விரித்துச் சுவரை வெளியே தள்ளும். இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்க அடியில் ஒரு விட்டம். விட்டம் நீளமானால் தன் பாரத்திலேயே நடுவில் தொய்யும். ஆகவே முகட்டிலிருந்து ஒரு நடுமரம் இறங்கும். அங்கத்தைய தச்சர் இதைக் கிங் போஸ்ட் என்பார்கள். அது விட்டத்தில் நிண்டு முகட்டைத் தாங்குது எண்டுதான் பார்க்கிறவை நினைப்பினம். நேர்மாறு! அது முகட்டிலிருந்து தொங்குது. தொங்கிக்கொண்டே விட்டத்தைத் தூக்கிப் பிடிக்குது. இப்படி இழுபடுகிற மரம் மூட்டில் கழராமல் இருக்க, அதன் தலையைப் பருமனாக விட்டு, கைமரங்கள் முட்டுவதற்குத் தோள் செதுக்கினார்கள். கழுந்தைத் துளைக்குள் இறக்கி மர ஆணி அடித்தார்கள். முழுச் சட்டகத்தையும் முதலில் கீழே பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று உளியால் ரோம இலக்கம் கொத்தி, பிறகு கழற்றி மேலே ஏற்றினார்கள். அந்த இலக்கங்கள் இண்டைக்கும் பல கூரைகளில் தெரியுது.

மசாசூசெற்ஸ் மாநிலத்து ஹிங்கம் ஊரில் 'பழைய கப்பல்' என்ற தேவாலயம் 1681இல் கட்டப்பட்டது. உள்ளே நின்று அண்ணாந்தால் கவிழ்த்துவைத்த கப்பல்மாதிரி. 18ஆம் நூற்றாண்டில் நாகரிகம் மாற, சீலிங் போட்டு மூடிவிட்டார்கள். 1930இல் திருத்தியபோதுதான் மரங்கள் திரும்ப வெளியே வந்தன. நடுவில் இத்தனை தலைமுறையாக ஒருத்தரும் பார்க்காமலே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. (1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பள்ளிக்கூடம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரில் பலர் இந்தப் பக்கத்து ஆக்கள்தான்.)

'முன்னோரின் கைவேலை' என்று விற்கிறவர்கள் எந்த முன்னோர் என்று சொல்வதில்லை. 1790களில் வெள்ளை மாளிகை கட்டிய தச்சர்களில் பீற்றர், பென், ஹரி, டானியல் என்ற பெயர்கள் சம்பளப் பதிவில் உண்டு. முழுப்பெயர் இல்லை, ஏனெனில் அவர்கள் அடிமைகள். கட்டடத்தை வரைந்த ஜேம்ஸ் ஹோபனின் அடிமைகளும் அதில் இருந்தார்கள். ஹோரஸ் கிங் 1807இல் அடிமையாகப் பிறந்தவர். பின்னல்மாதிரிப் பலகைகளைக் குறுக்கே கோர்த்த மரச் சட்டகங்களால் தென்மாநிலங்களின் ஆறுகளுக்குப் பாலம் போட்டவர். 1846இல் விடுதலையாகி, பின்னர் அலபாமா சட்டசபையிலும் இருந்தார். இந்த மூளையெல்லாம் மூட்டுக்குள்ளதான் இருக்கு. மூட்டை அறுத்தெறிந்துவிட்டு மரத்தின் நிறத்தை மட்டும் வைத்திருந்து என்ன பயன்?

உக்கிப்போறதைவிடப் பாவிக்கிறது நல்லம்தானே என்பினம். சரி, களஞ்சியத்தை மூட்டு மூட்டாகக் கழற்றி, வேறு இடத்தில் கூரையாகவே நிறுத்துங்கள். கழற்றிப் பூட்டத்தானே அந்த இலக்கங்கள்! அதற்கு நாங்கள் எதிரில்லை. இரும்புத் தகட்டால் இணைத்த இன்றைய மெல்லிய சட்டகங்களோடும் எங்களுக்குப் பகையில்லை. 1950களிலிருந்து எத்தனையோ சாதாரண குடும்பங்களுக்கு அவைதான் மலிவாகக் கூரை போட்டன. ஆனால் தகட்டின் பல் மரத்துக்குள் ஒரு சென்ரிமீற்றர்கூட இறங்காது. தீப்பிடித்தால் தடித்த மரம் வெளியே கரியாகி, உள்ளே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்; மெல்லியது சடாரென்று விழும். தீயணைப்பு வீரர்கள் அதுக்குத்தான் பயப்படுகிறார்கள். அப்படிப்பட்ட கூரையின் கீழே நுரை வளையை ஒட்டி, 'பழங்காலத்து உறுதி' என்று சொல்லத்தான் எரிச்சல் வருது.

பழைய சட்டகங்கள் கெடுவது அனேகமாகச் சுவரில் வந்து இருக்கிற முனையில்தான். ஒழுக்கு அங்கேதான் இறங்கும். முழுமரத்தையும் கழிக்கத் தேவையில்லை. உக்கிய முனையை மட்டும் வெட்டி, புதுமரத்தைச் சரிவாகச் சீவி அதோடு சேர்க்கலாம். அது தெரிந்த தச்சர்கள் அமெரிக்காவில் இருக்கினம், 1980களில் தங்களுக்கென்று ஒரு சங்கமும் தொடங்கினவை. செய்ய ஆளில்லை எண்ட சாட்டு எடுபடாது.