பின்சாய்கோட்டின் மேல் பழி போடலாமா?

கணினியில் பிழை நேர்ந்ததும் கட்டளையை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்ப்பதும், எப்படியோ சரியாகிவிட்டால் மேற்கொண்டு சிந்திக்காமல் விட்டுவிடுவதும் மாணவரிடையே காணப்படும் பழக்கம். இது அறிவியல் முறை ஆகாது என்பது என் கருத்து. ஒரு சிறு குறியைக் கொண்டே இதை விளக்கலாம்.

பின்சாய்கோடு (\) என்னும் குறிக்கு ஆஸ்கி அட்டவணையில் எண் 92. பதினாறடிமான முறையில் அது 5சி. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இது மேற்கோள் குறிகளுக்குள் வந்தால், பொதுவாக அடுத்த எழுத்துக்குத் தனிப்பொருள் உண்டு என அறிவிக்கிறது. எனவே இதை எஸ்கேப் குறி என்பர். இதை அடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய 'என்' வந்தால் புதிய வரி என்று பொருள். ஆகவே உண்மையான பின்சாய்கோடு ஒன்றைச் சேமிக்க, \\ என இரண்டாக எழுத வேண்டும்.

ஒருவர் அவ்வாறே எழுதிச் சேமிக்கிறார் எனக் கொள்வோம். கட்டளை வரி நிரலில் கேட்டால் திரையில் ஒரு பின்சாய்கோடு தெரிகிறது. அதே விடையைக் கோப்பு ஒன்றுக்கு அனுப்பினால் அங்கே இரண்டு இருக்கின்றன! தரவு கெட்டுவிட்டது எனக் கருதி, தரவுத்தளத்தில் ஒன்றை அழிக்க முற்படுகிறார். உள்ளதோ ஒன்றுதான்; அதை அழித்தால் நல்ல தரவு பாழாகிவிடும்.

நடந்தது என்ன? கோப்புக்கு எழுதும்போது அந்நிரல் பேட்ச் முறைக்கு மாறுகிறது. ஒரு பதிவுக்கு ஒரு வரி, புலங்களுக்கிடையே டேப் என்பது அங்குள்ள ஏற்பாடு. தரவுக்குள்ளேயே டேப்போ புதிய வரியோ இருந்தால் குழப்பம் வருமல்லவா? அதைத் தவிர்க்க அவற்றைப் பின்சாய்கோட்டுடன் எழுதிக் காட்டுகிறது, பின்சாய்கோட்டையும் இரட்டிக்கிறது. 'ரா' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இரட்டிப்பு நின்றுவிடும்.

நீரில் அமிழ்த்திய பென்சில் வளைந்து தோன்றுகிறது. அதற்காகப் பென்சிலை யாரேனும் நிமிர்த்துவார்களா? தோற்றத்தை மாற்றியது எது என்றுதான் ஆராய்கிறோம். இங்கும் அவ்வாறே செய்க. ஹெக்ஸ் என்னும் சார்பைக் கொண்டு சேமிப்பில் உள்ள பைட்டுகளையே கேளுங்கள். 5சி ஒருமுறை வந்தால் குறியும் ஒன்றே.

மற்றொன்று. லைக் ஒப்பீட்டில் ஒரு பின்சாய்கோட்டைத் தேட நான்கு எழுத வேண்டும். "நான்கு போட்டால் சரி" என மனப்பாடம் செய்வோர் உண்டு. கட்டளையைப் படிக்கும்போது நான்கு இரண்டாகிறது. ஒப்பிடும்போது இரண்டு ஒன்றாகிறது. இதை அறிந்தவருக்கு மனப்பாடம் எதற்கு?

விடை வந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில், எஸ்கேப் செய்யும் சார்புகள் வழக்கமான உரைகளுக்குச் சரியாகவே இயங்கிவந்தன. ஆனால் குறிமுறை பிழைபட்ட பைட்டுகள் வந்தபோது மேற்கோள் குறியைச் சரிவர அடக்கவில்லை. அந்த உரை பிஎஸ்கியூஎல் என்னும் கட்டளை வரி நிரலுக்குச் சென்றால், தீயவர் தம் கட்டளையை நுழைக்க வழி ஏற்பட்டது. 2025 பிப்ரவரியில் அது திருத்தப்பட்டது.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை பிழை கண்டால் உடனே விசைப்பலகையைத் தொடாதீர்கள். எழுதியது என்ன, சேமித்தது என்ன, காட்டியது என்ன என்று மூன்றையும் தாளில் தனித்தனியே குறியுங்கள். எந்தப் படியில் வேறுபாடு தோன்றியதோ, அங்கேதான் பிழை இருக்கும். அல்லது பிழையே இல்லை என்பது தெரியவரும்.