டென்மார்க் மாதரின் வாக்குரிமை

1849-ஆம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி, மன்னரின் தனியாட்சிக்கு முடிவு கட்டிய அரசியல் சட்டம் டென்மார்க்கில் பிறந்தது. அத்தினத்தைச் சுதந்திரத் திருநாளாகக் கொண்டாடிய ஆடவர், அச்சட்டம் எவரை விலக்கிற்றென்று நெடுங்காலம் எண்ணினாரில்லை. ஸ்திரீகளுக்கு வாக்கில்லை; தனிக் குடித்தனமற்ற வேலைக்காரருக்கும், தர்ம உதவி பெற்ற ஏழைகளுக்கும் இல்லை. ஜனங்களில் பாதிப்பேரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதற்கு ஜனங்களின் ஆட்சி என்று பெயரிட்டது விந்தையே!

1871-ல் மத்தில்டே பாயர் அம்மையாரும் அவர் கணவரும் மாதர் சங்கம் கண்டனர். 1908-ல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மட்டும் வாக்குரிமை கிட்டியது. பார்லிமெண்டுக்கு வாக்களிக்கும் உரிமையோ 1915 ஜூன் 5-ந் தேதிதான் சட்டமாயிற்று. பின்னரும் வழி எளிதாயிருக்கவில்லை. 1924-ல் நீனா பாங் அம்மையார் கல்வி மந்திரியானார். ஆயினும் சம ஊதியச் சட்டம் 1976-லும், பெண் பிரதம மந்திரி 2011-லுமே வந்தன.

காலம் கனியட்டும், அவசரம் வேண்டாம் என்று மாதருக்கு உபதேசிப்போரை நாம் கேட்பது ஒன்றே: அந்த 66 வருஷங்களில் ஒரு முறையேனும் வாக்களியாது மாண்ட ஸ்திரீகள் எத்தனை பேர்?